வீட்டுக்கும் வயதாக வேண்டாமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வெயில் தாழ்வதற்கு முன்பே வந்து மின்விசிறிக்கு நேரான நாற்காலிகளைப் பிடித்துவிட்ட எங்கள் உறையூர்ப் பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

முதுமையில் தனியாக வீட்டைப் பார்த்துக்கொள்ளப் பெரிதும் கைகொடுப்பது வேலைக்கு வைத்த ஆளா, மாற்றிக்கொண்ட பழக்கமா என்பது தலைப்பு. பழக்கம்தான் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் தம்பி நன்றாகப் பேசினார். பேச்சை முடிக்கும்போது ஒரு வெடியையும் வைத்துவிட்டுப் போனார். "டீச்சர் பழக்கம் பழக்கம் என்பார். ஆனால் அவர் வீட்டுக்கே காலையில் ஓர் அம்மா வேலைக்கு வருகிறார், நான் பார்த்திருக்கிறேன்" என்றார். கைதட்டலும் வாங்கிவிட்டார்.

வருகிறார் தம்பி, மறைக்கவில்லை. எட்டு மணிக்கு வருவார், ஒன்பது மணிக்குப் போய்விடுவார். அப்புறம் அடுத்த நாள் எட்டு மணி வரைக்கும் அந்த வீட்டில் யார் இருப்பது? நான்தான். 23 மணி நேரம். என் பேச்சு முழுக்க அந்த 23 மணி நேரத்தைப் பற்றித்தான்.

எனக்கு வயது 69. முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தினேன். வீட்டுக்காரர் போய் ஆறு வருடம் ஆகிறது. மகன் ஓசூரில் இருக்கிறான். "எங்களோடு வந்து இரும்மா" என்கிறான். போவதா வேண்டாமா என்பது வேறு பட்டிமன்றம், அதற்கு இரண்டு நாள் வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் நடந்ததைச் சொல்கிறேன். பரணில் இருந்த ஒரு சம்படத்தை எடுக்க முக்காலியில் ஏறினேன். உள்ளே வடாம் இருக்கிறது என்று நினைப்பு. பக்கத்தில் எட்டவில்லை, அதனால் கொஞ்சம் சாய்ந்து கையை நீட்டினேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எத்தனை தடவை கரும்பலகையில் வரைந்து காட்டியிருப்பேன்! உடம்பின் எடை விழும் கோடு முக்காலிக் கால்களுக்கு வெளியே போனால் முக்காலி சாயும். சாய்ந்தது. நல்ல வேளையாகக் கை ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டது. முழங்கையில் ஒரு சிராய்ப்போடு போயிற்று. கீழே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். மணி மூன்று. வேலை செய்யும் அம்மா போய் ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. அவர் மறுபடி வர இன்னும் பதினேழு மணி நேரம்.

சம்படத்தில் வடாமும் இல்லை. என் மாமியார் காலத்துப் பித்தளைத் திருகு நாலைந்து இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். எனக்கு வயதாகியிருக்கிறது, என் வீட்டுக்கு ஆகவில்லை. நாற்பது வயதில் ஏழு பேருக்குச் சமைத்த ஒரு பெண்ணுக்காக அடுக்கி வைத்த வீடு அது. ஐந்து லிட்டர் குக்கர் கைக்கு எட்டும் இடத்தில், ஒரு ஆளுக்கான சின்னக் குக்கர் பரணில். தினமும் எடுக்கும் பருப்பு டப்பா தலைக்கு மேலே. வருடத்துக்கு ஒரு தடவை எடுக்கும் முறுக்கு அச்சு இடுப்பு உயரத்தில். யாருக்காக இப்படி?

மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதைச் செய்யும் ஆண்கள் 88 நிமிடம். (ஆண்கள் பக்கம் ஏன் இவ்வளவு அமைதி?) 289 நிமிடம் என்றால் ஐந்து மணி நேரத்துக்குப் பதினொரு நிமிடம் குறைவு. குடும்பம், பிள்ளைகள் என்று இருப்பவர்களுக்கு அது புரிகிறது. எனக்கு என்ன வந்தது? ஒரு தட்டு, ஒரு டம்ளர், இரண்டு புடவை. அப்படியும் ஒரு வாரம் குறித்து வைத்துப் பார்த்தபோது கிட்டத்தட்ட அதே ஐந்து மணி நேரம்தான் வந்தது. இல்லாத ஆறு பேருக்கும் சேர்த்து வேலை செய்துகொண்டிருந்தேன்.

இதற்கு இன்னொரு ஆளை வைத்தால் என்ன ஆகும்? இல்லாத ஆறு பேருக்கு அவரும் சேர்ந்து வேலை செய்வார். அவ்வளவுதான்.

எடையிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. குடிதண்ணீர் கேன் 20 லிட்டர், அதாவது 20 கிலோ. அதைத் தூக்கிக் கவிழ்க்கும் வேலை முதுகுக்கு ஆகாது. கேன் போடுகிறவரிடம் ஸ்டாண்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். மேலே பேட்டரியில் ஓடும் ஒரு சின்னக் குழாயைச் செருகிவிட்டேன். இனி கவிழ்ப்பது என்ற பேச்சே இல்லை. சமையல் எரிவாயு உருளையில் வாயு மட்டும் 14.2 கிலோ. காலி உருளையின் எடை அதன் மேலேயே அடித்திருக்கும், அதுவும் ஏறக்குறைய 15, 16 கிலோ இருக்கும். மொத்தம் 30 கிலோவை நானும் பல வருடம் உருட்டினேன் நடுவர் அவர்களே, கால் கட்டைவிரலைக் கேட்டுப் பாருங்கள். இப்போது உருளை சக்கரம் வைத்த தட்டில் நிற்கிறது. குளிக்கும் வாளியை ஒரே தடவையில் நிரப்புவதில்லை. அரை வாளியாக இரண்டு தடவை. வாஷிங் மெஷின் துவைத்துத் தருகிறது, சரி. ஆனால் ஈரத் துணியை வாளியில் போட்டு மொட்டை மாடிக்குத் தூக்கியது நான்தானே!

இந்த இடத்தில் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் அம்மா, "மாடிப்படி ஏறினால் உடற்பயிற்சி" என்றார். ஏறுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வெறும் கையோடு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினால் உடற்பயிற்சி. ஒரு கையில் ஈர வாளி, இன்னொரு கையில் கிளிப்புக் கூடை என்று ஏறினால் கைப்பிடியை எதனால் பிடிப்பது? என் துணி இப்போது வாசல் போர்ட்டிகோவில் மடக்கு ஸ்டாண்டில் காய்கிறது. திருச்சி வெயிலுக்கு அது எங்கே போட்டாலும் காயும்.

குனிவதும் எழுவதும்தான் அடுத்த பாடு. தரையில் அரிவாள்மணை வைத்துக் காய் நறுக்கியே பழகிய தலைமுறை நாம். நறுக்கும்போது ஒன்றும் தெரியாது. சட்டென்று எழுந்திருக்கும்போதுதான் கண் இருட்டும். வயதாக ஆக, எழுந்து நிற்கும் நொடியில் இரத்த அழுத்தம் சமாளித்துக்கொள்ளக் கொஞ்சம் தாமதமாகும். அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடிக்கும், நாம் ஓடுவோம். இப்போது மேசையில் பலகையும் கத்தியும் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து நறுக்குகிறேன். முதல் ஒரு மாதம் விரலில் வராத வெட்டு இல்லை. பழக்கம் மாற்றுவது சும்மா வரும் என்று நான் சொல்லவில்லை, நாற்பது வருடக் கை அவ்வளவு சீக்கிரம் கேட்காது. கோலம் மட்டும் விடவில்லை. மார்கழியில் பதினைந்து புள்ளி வைத்தவள் இப்போது நாலு புள்ளியோடு முடித்துக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண் "என்ன டீச்சர், சிக்கனமா?" என்று கேட்டாள். முழங்கால் சிக்கனம் என்றேன்.

இட்லியைப் பற்றி எதிரணி கிண்டலடித்தது. "மிக்ஸியில் அரைத்த மாவில் இட்லி கல்லு மாதிரி வரும்." ஓரளவு உண்மை, ஒத்துக்கொள்கிறேன். மிக்ஸி வேகமாகச் சுற்றுவதால் மாவு சூடாகிவிடும். ஐஸ் தண்ணீர் ஊற்றி, விட்டு விட்டு அரைத்தால் ஓரளவு சரியாகும். கிரைண்டர் இட்லி மாதிரி வராது, வராதுதான். ஆனால் ஒரு ஆள் மூன்று நாள் சாப்பிடும் மாவுக்காகக் கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவ வேண்டுமா? பூப்போல இட்லி வேண்டும் என்று தோன்றும் அன்றைக்குக் கடைத்தெருவில் போய்ச் சாப்பிடுகிறேன்.

குளியலறையில் மட்டும் செலவு பார்க்கவில்லை. ஈர டைல்ஸும் சோப்பு நுரையும் சேர்ந்தால் உராய்வு போய்விடும். காலுக்குப் பிடிமானம் கொடுப்பது உராய்வு ஒன்றுதான். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் கெட்டித்தன்மை வேகமாகக் குறைகிறது. அந்த வயதில் ஒரு சின்ன வழுக்கல்கூட இடுப்பு எலும்பு முறிவில் கொண்டுபோய் விடும். சுவரில் இரண்டு பிடிமானக் கம்பி, கீழே சொரசொரப்பான ரப்பர் விரிப்பு, உட்கார்ந்து குளிக்க ஒரு நாற்காலி. கொத்தனாருக்கு அரை நாள் வேலை. நாற்காலி போட்டுக் குளிப்பதற்கு மட்டும் எனக்கு ஒரு வருடம் கூச்சமாக இருந்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று இன்று வரை தெரியவில்லை.

சரி, வேலைக்கு வரும் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதிரணி அவரை ஒரு "வசதி" மாதிரிப் பேசியது. அவருக்கு வயது 61. நான் அவருக்கு அக்கா முறை. அவருக்கும் முழங்கால் வலி, அவருக்கும் எழும்போது கண் இருட்டும். எங்கள் வீடு உட்பட நாலு வீட்டில் தரை துடைக்கிறார். அப்புறம் தன் வீட்டுக்குப் போய் அங்கேயும் தனியாகத் துடைக்கிறார். முதுமையில் வீட்டு வேலை என்று நாம் மேடை போட்டுப் பேசுகிறோமே, அதில் அவரும் ஒருவர் இல்லையா? வீட்டுப் பணியாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007-லேயே தனி நல வாரியம் வந்துவிட்டது. நம் வீட்டுக்கு வருகிறவர் அதில் பதிவு செய்திருக்கிறாரா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நானே போன வருடம்தான் கேட்டேன்.

நம் முழங்காலைக் காப்பாற்ற அவர் முழங்காலைக் கொடு என்பதுதான் எதிரணியின் வழி என்றால், அதில் எனக்குச் சம்மதமில்லை. நீளக் கைப்பிடி வைத்த மாப் வாங்கினேன், அவரும் நின்றுகொண்டே துடைக்கிறார். பாத்திரம் எட்டிலிருந்து மூன்றாகக் குறைந்தது, அவருக்கும்தானே குறைந்தது? சம்பளத்தை நான் குறைக்கவில்லை. மிச்சமான நேரத்தில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போகிறார். ஆடி மாதம் ஊர்த் திருவிழாவுக்குப் பத்து நாள் அவர் போனபோது எனக்குப் பதற்றமே வரவில்லை. முன்பெல்லாம் "எப்போ வருவே?" என்று கேட்டு அவரைப் படுத்தி எடுப்பேன். இந்தத் தடவை, "நல்லா இருந்துட்டு வா" என்று சொல்ல முடிந்தது.

எதிரணி சொன்னதில் ஒன்றை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை. "ஆள் வந்தால் கதவைத் தட்டுவார், நமக்கு ஒன்று ஆனால் யாருக்காவது தெரியும்." உண்மை. அவர் எட்டு மணிக்கு அழைப்பு மணி அடிக்கும்போது எனக்கு வரும் ஆறுதலை எந்த ரப்பர் விரிப்பும் தராது. அந்த மதிப்பெண்ணை எதிரணிக்கே கொடுத்துவிடுங்கள். ஆனால் அது துணைக்குக் கிடைத்த மதிப்பெண். வீட்டைப் பார்த்துக்கொள்வதற்குக் கிடைத்ததில்லை. எதிரணி இரண்டையும் ஒரே கணக்கில் எழுதியிருக்கிறது. இன்னொன்று: அவர் எட்டு மணிக்கு மணி அடிக்கும்போது நான் எழுந்து போய்க் கதவைத் திறக்கும் நிலையில் இருக்க வேண்டுமே!

நடுவர் முதல் மணி அடித்துவிட்டார். முடித்துக்கொள்கிறேன்.

அந்த முக்காலியில் இப்போது துளசித் தொட்டி இருக்கிறது. பரணை முக்கால்வாசி காலி செய்துவிட்டேன். ஒரு பெரிய அண்டா மட்டும் இன்னும் மேலேயே கிடக்கிறது, நாற்பது பேருக்குப் பொங்கல் வைக்கலாம். நான் ஏற மாட்டேன், அந்த அம்மாவையும் ஏற விட மாட்டேன். எதிரணித் தலைவர் தம்பிக்கு நாற்பது வயதுதான் இருக்கும், நல்ல உயரம். ஞாயிற்றுக்கிழமை வந்து இறக்கிக் கொடுத்தால் அண்டாவை அவரே எடுத்துக்கொண்டு போகலாம்.