அவர்களுக்கு நூறாவது முறை, நமக்கு முதல் முறை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எலும்பைத் துளைக்கும் குளிர்சாதனத்தைத் தாங்கிக்கொண்டு இந்தச் சமூக மன்ற அரங்கில் சால்வையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

பழம்பெரும் ராக் குழுக்கள் இன்று நடத்தும் பிசிறில்லாத மேடைக் கச்சேரிகள் ரசிகர்களுக்கு நிறைவு தருகின்றனவா, இல்லையா? இதுதான் இன்றைய தலைப்பு. தருகின்றன என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை மூன்று குற்றம் சாட்டினார். ஊர் ஊராக அதே பாட்டு, அதே வரிசை, அதே நகைச்சுவை. 'ஹலோ சிங்கப்பூர்' என்பதில் ஊர்ப்பெயர் மட்டும்தான் மாறுகிறது என்றார். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கணினி தட்டுகிற தாளத்துக்கு வாசிப்பது வாசிப்பே இல்லை என்றார். கடைசியாக, ஒரு தவறுகூட இல்லாத கச்சேரி அருங்காட்சியகத்தில் பஞ்சடைத்து வைத்த புலி மாதிரி என்றார். நல்ல கைதட்டு. நானும் தட்டினேன். புலி நன்றாகத்தான் இருந்தது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் வாதம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். இருபத்தெட்டு வருடமாக வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி புளோக்குகளில் மின்தூக்கி பராமரிப்பு வேலை. மின்தூக்கி ஒருநாள் ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில் நின்றால், உள்ளே இருக்கும் பாட்டி 'ஆகா, இன்றைக்கு என்ன உயிரோட்டம்!' என்று கைதட்டி நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் போன் வரும். சரி, பாட்டு மின்தூக்கி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தினமும் அதே இடத்தில் சரியாக நிற்பதற்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

இப்போது முதல் குற்றச்சாட்டு. அதே பாட்டு, அதே வரிசை. யாருக்கு அதே? இந்த ஒரு கேள்வியை எதிரணி கேட்கவே இல்லை. லண்டன்காரருக்கும் நியூயார்க்காரருக்கும் வேண்டுமானால் 'அதே'. வருடத்துக்கு வருடம் வாசலில் வந்து நிற்கிற குழுவை அவர்கள் பார்த்துச் சலித்திருக்கலாம். நம் சிங்கப்பூர்க் கதையைப் பாருங்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழு இங்கே முதலில் வந்தது 1965 பிப்ரவரியில், கில்லமார்ட் சாலையிலிருந்த பூப்பந்து அரங்கில். இந்த நாடு சுதந்திரம் அடைவதற்கு ஆறு மாதம் முன்னால்! அப்புறம் 2003-இல் உள்ளரங்க விளையாட்டரங்கத்துக்கு வந்தார்கள். நடுவில் 38 வருடம். பிறகு 2014-இல் மரினா பே சாண்ட்ஸில். அப்போது பாடகர் மிக் ஜாகருக்கு 70 வயது, டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸுக்கு 72. முதல் கச்சேரியைப் பள்ளிச் சீருடைக் காலத்தில் தவறவிட்ட ஒருவர், இரண்டாவதைப் பார்க்கும்போது தாத்தா ஆகியிருப்பார். அந்தத் தாத்தாவிடம் போய், 'நீங்கள் கேட்ட வரிசையைத்தான் போன வாரம் வேறு ஊரிலும் வாசித்தார்கள்' என்று குறை சொன்னால், 'அதனால் எனக்கென்ன?' என்று கேட்பாரா மாட்டாரா?

ஸ்டோன்ஸாவது வந்தார்கள். லெட் செப்பலின் குழு 1972-இல் வந்தும் வாசிக்க முடியவில்லை. நீண்ட முடி என்று உள்ளேயே விடவில்லை. நீளமாக முடி வளர்த்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று அரசாங்க அலுவலகங்களில் படம் போட்டு ஒட்டியிருந்த காலம் அது. என் தாய்மாமா அவர்களுடைய பரம ரசிகர். தேக்காவில் முடி வெட்டிக்கொண்டு வந்து கச்சேரிக்குத் தயாராக இருந்தாராம். இவர் வெட்டிக்கொண்டார், அவர்கள் வெட்டிக்கொள்ளவில்லை! கடைசிவரை மாமா அவர்களை மேடையில் பார்க்கவே இல்லை. பிசிறோடும் இல்லை, பிசிறில்லாமலும் இல்லை. நடுவர் அவர்களே, நாம் இந்த இசையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்து வளர்ந்தவர்கள். மேடையில் இருப்பவருக்கு அது நூறாவது முறையாக இருக்கலாம். நமக்கு அதுதான் முதல் முறை, பெரும்பாலும் கடைசி முறையும்.

அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்ற குழு இரவுக்கு இரவு வேறு பாட்டு வாசிக்கும். ரசிகர்கள் வண்டியெடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் பின்னாலேயே போவார்கள். கச்சேரியைப் பதிவு செய்ய வருகிறவர்களுக்கென்று 1984 முதல் தனி இடமே ஒதுக்கினார்கள். எதிரணித் தலைவர் அதை உதாரணம் காட்டினார், அழகான உதாரணம். ஆனால் நான் பின்னாலேயே போவதென்றால் எங்கே போவது? உட்லண்ட்ஸிலிருந்து ஜோகூர் பாலம் தாண்டவே இரண்டு மணி நேரம். மாற்றம் கேட்பது அடிக்கடி பார்ப்பவருக்கு வரும் பசி. மார்கழியில் ஒரே வித்துவானை நான்கு சபாவில் கேட்கிறவர், நான்காவது சபாவில் வேறு ராகம் கேட்பார், நியாயம். பத்து வருடத்துக்கு ஒருமுறை கேட்கிறவர், தனக்குப் பிடித்த பாட்டு விட்டுப்போனால் வீட்டுக்குப் போய்த் தூங்க மாட்டார்.

அதே பாட்டு என்பது நமக்கு என்றைக்குக் குறையாக இருந்தது? தைப்பூசத்துக்கு சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் தொடங்கி டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குத்தான் காவடி போகிறது. 'போன வருடமும் இதே வழிதானே, ஒரு மாறுதலுக்கு ஜூரோங் பக்கம் போகலாமே' என்று யாராவது மனுப்போட்டிருக்கிறார்களா? வள்ளி திருமணம் நாடகம் விடியவிடியப் பார்க்கிறோம். கடைசியில் முருகன் வள்ளியைத்தான் கட்டப்போகிறார் என்பது முதல் வரிசையில் தூங்கும் குழந்தைக்கும் தெரியும். நம் மெல்லிசைக் குழுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். திருமண விருந்தில் இளையராஜா பாட்டு வாசிக்கும்போது நாம் எதைப் பாராட்டுகிறோம்? 'ரெக்கார்டில் இருக்கிற மாதிரியே வாசிச்சான்யா!' இதைவிடப் பெரிய பட்டம் தமிழ் ரசிகனிடம் கிடையாது. முன்னிசையில் புல்லாங்குழல் ஒரு இழை பிசகினால், பிரியாணித் தட்டிலிருந்து பத்துத் தலை நிமிரும். இப்படிப்பட்ட காதுகளை வைத்துக்கொண்டு, வெள்ளைக்காரன் மட்டும் தப்பாக வாசித்தால்தான் உயிர் இருக்கிறது என்று சொல்வது என்ன நியாயம்?

இரண்டாவது குற்றச்சாட்டு, காதில் தட்டும் தாளம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் தேசியச் சேவை முடித்த கையோடு நானும் நான்கு நண்பர்களும் ஒரு குழு வைத்திருந்தோம். நான் பேஸ் கிதார். நம்ம ஊர் ருத்ரா குழுவினர் 1992-இல் தொடங்கி, சமஸ்கிருத மந்திரங்களை மெட்டல் என்கிற அதிரடி ராக் இசையில் கலந்து வெளிநாட்டு மேடைவரை போய்விட்டார்கள். நாங்கள் ஜாம்மிங் ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை கட்டி, மூன்று கல்யாணக் கச்சேரிகளோடு முடிந்தோம். காரணம் எளிது: எங்கள் டிரம்ஸ்காரர் சந்தோஷம் வந்தால் ஓடுவார், பசி வந்தால் இழுப்பார்.

யூடூ குழுவின் கிதார்காரர் எட்ஜ் வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அவர் ஒருமுறை மீட்டினால், கருவி அந்த ஒலியைக் கொஞ்சம் தள்ளி மறுபடி சொல்லும், பிறகு இன்னொருமுறை சொல்லும். அந்த எதிரொலிகளுக்கு நடுவே அவர் அடுத்த ஸ்வரத்தைச் செருகுவார். வாசிப்பது ஒருவர், கேட்பது மூன்று கிதார். இதில் எதிரொலி வரும் இடைவெளியை முன்கூட்டியே கருவியில் வைத்துவிடுகிறார்கள். தாளம் ஒரு இம்மி ஓடினாலும், எதிரொலி ஒரு பக்கம், கை ஒரு பக்கம். எல்லாம் மோதிச் சந்தைக்கடை ஆகிவிடும். அங்கே கணினித் தாளம் என்பது சோம்பேறித்தனம் அல்ல, தம்புரா மாதிரி. தம்புராவை யாராவது 'பாடகர் சுருதி தெரியாமல் ஏமாற்றுகிறார்' என்று திட்டுவதுண்டா?

கருவி இல்லாத பொற்காலம் எப்படி இருந்தது என்றும் பார்ப்போம். 1965 ஆகஸ்டில் நியூயார்க் ஷே அரங்கத்தில் பீட்டில்ஸ் குழு. 55,000 பேருக்கு மேல் கூட்டம், வாசித்தது அரைமணி நேரம். கூச்சலில் தங்கள் வாசிப்பே தங்களுக்குக் கேட்கவில்லை. முன்னால் நிற்பவர்களின் அசைவைப் பார்த்துத்தான் தாளம் போட்டேன் என்று அவர்களுடைய டிரம்ஸ்காரர் ரிங்கோ பின்னாளில் சொன்னார். மறுவருடமே, 1966-இல், கச்சேரிப் பயணமே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். அந்தப் 'பிசிறு' அவர்களுக்கே நிறைவு தரவில்லை!

ஒன்றை மட்டும் எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன். முன்பே பதிவு செய்த குரலை ஓடவிட்டு, பாடகர் வாயை மட்டும் அசைத்தால், நானே எழுந்து அந்தப் பக்கம் போய் உட்காருவேன். ஆனால் வயதுக்கேற்ப ஒரு கட்டை இறக்கிப் பாடுவதையும் அதே கணக்கில் சேர்க்கக் கூடாது. எழுபது வயது பாகவதர் கட்டை இறக்கினால் 'பக்குவம்' என்கிறோம். ராக் பாடகர் இறக்கினால் ஏமாற்று வேலையா?

ஏரோஸ்மித் குழுவைப் பாருங்கள். 2023 செப்டம்பரில் பாடகர் ஸ்டீவன் டைலருக்குக் குரல்வளையில் காயம். ஒரு வருடம் பார்த்தார்கள், குரல் முழுதாகத் திரும்பவில்லை. 2024 ஆகஸ்டில் கச்சேரிப் பயணத்தையே முடித்துக்கொள்வதாக அறிவித்துவிட்டார்கள். எதிரணி சொல்வதுபோல் தழும்பும் பிசிறும்தான் ரசிகனுக்கு வேண்டும் என்றால், அவர்கள் கரகரத்த குரலோடு இன்னும் ஐந்து வருடம் ஓட்டியிருக்கலாமே.

'பிசிறு' என்றதும் எனக்கு ஒரு ராத்திரி ஞாபகம் வருகிறது. குழுவின் பெயரும் வேண்டாம், நடத்தியவர் பெயரும் வேண்டாம். எட்டு மணிக் கச்சேரிக்கு ஒன்பது நாற்பதுக்கு மேடையேறினார்கள். பாடகர் இரண்டாவது சரணத்தை மறந்துவிட்டு, மைக்கை எங்கள் பக்கம் நீட்டினார். எங்களுக்கும் தெரியவில்லை. நடுப் பாட்டில் கிதார் தந்தி அறுந்தது, மாற்றுக் கிதார் சுருதி சேராமல் வந்தது. உயிரோட்டம் என்றால் அப்படி ஒரு உயிரோட்டம்! கடைசி ரயிலும் போய்விட்டது. டாக்சிக்கு முப்பத்தெட்டு வெள்ளி கொடுத்து வீடு வந்தேன். மனைவி கதவைத் திறந்து, 'எப்படி இருந்தது?' என்று கேட்டாள். நான் சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டேன்.

டிக்கெட் விலையைப் பற்றி எதிரணித் தம்பி உருக்கமாகப் பேசினார். விலை அநியாயம்தான். அது இன்னொரு பட்டிமன்றம். ஆனால் அவ்வளவு விலை கொடுக்கிறவனுக்கு ஒத்திகை பார்க்காமல் வந்து நிற்பது அதைவிட அநியாயம்.

மூன்றாவது, அந்தப் புலி. பாடம் செய்த புலிக்கு மறுப்பாக, பிளாக் சப்பாத் குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்போர்னைக் கொண்டுவந்தார் தங்கை. 2025 ஜூலை 5, பர்மிங்காம் வில்லா பார்க். நோயால் நிற்க முடியாமல் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடினார், குரல் தழுதழுத்தது, அரங்கமே அழுதது, 17 நாளில் காலமானார். பிசிறுதான் அன்றைக்குக் கண்ணீரை வரவழைத்தது என்றார் தங்கை. அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், அம்மா. சிம்மாசனம் மேடைக்கு அடியிலிருந்து சரியான நொடியில் எழும்பி வந்தது. மதியத்திலிருந்து குழு மாறிக் குழு ஏறி இறங்கியது. டாம் மொரெல்லோ என்ற கிதார்காரர் இசைப் பொறுப்பாளராக இருந்து அத்தனையையும் கோத்திருந்தார். 20 வருடம் கழித்து பிளாக் சப்பாத்தின் பழைய நால்வரும் ஒன்றாக மேடையேறி, ஒருவர் கையும் பிசகாமல் வாசித்தார்கள். சுற்றியிருந்த எல்லாம் அசையாமல் நின்றதால்தான் நடுவிலிருந்த ஒரு மனிதரின் குரல் உடைந்தது உங்களுக்குக் கேட்டது. எல்லாரும் தடுமாறியிருந்தால் நீங்கள் அழுதிருக்க மாட்டீர்கள், ஒலியமைப்பாளரைத் திட்டியிருப்பீர்கள்.

குவீன் குழுவும் அப்படித்தான். 1991-இல் அதன் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி மறைந்துவிட்டார். பின்னாளில் நடந்த பயணங்களில் ஒரு கட்டத்தில் கிதார்காரர் பிரையன் மே தனியாக உட்கார்ந்து கிதார் மீட்டுவார், திரையில் ஃப்ரெடி வந்து பாடுவார். எல்லாம் நொடிக்கணக்கில் முன்பே முடிவு செய்தது. திரையில் இருப்பவர் இவருக்காகக் காத்திருக்க மாட்டார், இவர்தான் அவரோடு சேர வேண்டும். செத்துப்போன நண்பனோடு தாளம் பிசகாமல் வாசிக்கும் அந்தக் கிழவரைப் பார்த்து, 'இதெல்லாம் புரோகிராம் பண்ணினது' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மணி அடித்துவிட்டது, தெரிகிறது. ஒரு நிமிடம், நடுவர் அவர்களே.

2019-இல் யூடூ இங்கே வந்தது, நவம்பர் 30-ம் டிசம்பர் 1-ம், தேசிய விளையாட்டரங்கம். 1976-இல் தொடங்கிய குழு, சிங்கப்பூருக்கு வந்தது அதுதான் முதல் தடவை. 1987-இல் வெளியான ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை அதே வரிசையில் வாசித்தார்கள். நான் போனது இரண்டாம் நாள். முதல் நாள் போன என் வேலையிட நண்பர், எந்தப் பாட்டு எப்போது வரும், திரை எப்போது சிவப்பாகும் என்பதுவரை ராத்திரியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். எல்லாம் தெரிந்துகொண்டுதான் போய் உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், சீனர், தனியாக வந்திருந்தார். ஆல்பத்தின் முதல் பாட்டுக்கு ஆர்கன் ஒலி மெல்ல எழும்பியது. திரை சிவந்தது. இன்னும் கிதார் வரவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். சரியாக எந்த நொடியில் அந்தக் கிதார் வரும் என்று அவருக்கு 32 வருடமாகத் தெரியும். அந்த நொடியில் அது வந்தது. அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், யார் என்றே தெரியாத என் முழங்கையை.

நேற்றும் இதையேதான் வாசித்தார்கள் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. எதிரணியில் யாராவது சொல்வதாக இருந்தால் சொல்லட்டும். வணக்கம்.