டியூக், கவுண்ட், லேடி, பிரசிடென்ட்

வணக்கம் நேயர்களே.

அமெரிக்க அரசு யாருக்கும் பிரபுப் பட்டம் வழங்கக் கூடாது. அந்த நாட்டு அரசியல் சட்டமே இப்படிச் சொல்லிவிட்டது. நம் அரசியல் சட்டத்தின் 18-ஆவது பிரிவும் பட்டங்களை ஒழித்ததுதான்; ராவ் பகதூர், திவான் பகதூர் எல்லாம் அதோடு போயின. அந்தக் காலி இடத்தை நம்மூர் மேடைகள் எப்படி நிரப்பின என்று உங்களுக்கே தெரியும், அதற்குள் நான் போகவில்லை.

பிரபுக்களே இல்லாத அந்த நாட்டின் ஜாஸ் இசை உலகில் ஒரு டியூக் இருந்தார். ஒரு கவுண்ட் இருந்தார். இரண்டுமே ஐரோப்பியப் பிரபுப் பட்டங்கள். கிங் ஆலிவர் என்று ஒரு ராஜாவும் இருந்தார். மூவரும் கறுப்பினத்தவர்.

பியானோ கலைஞரும் இசைக் குழுத் தலைவருமான டியூக் எலிங்டனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் எட்வர்ட் கென்னடி எலிங்டன். 1899-இல் வாஷிங்டனில் பிறந்தார். அப்பா பட்லர் வேலை பார்த்தவர். வெள்ளை மாளிகை விருந்துகளிலும் சில சமயம் பரிமாறப் போனதுண்டு. பையனோ நடை, உடை, பேச்சு எல்லாவற்றிலும் மிடுக்கு. தன்னோடு சுற்றுகிறவனுக்கு ஒரு பட்டமாவது வேண்டாமா என்று நினைத்தானோ என்னவோ, சிநேகிதன் ஒருவன் 'டியூக்' என்று கூப்பிட ஆரம்பித்தான். அதுவே நின்றுவிட்டது.

இன்னொரு இசைக் குழுத் தலைவர் வில்லியம் பேஸி, சுருக்கமாகப் பில் பேஸி, 'கவுண்ட்' ஆனதில் எங்கள் வானொலிக்காரர்களின் கைவரிசை உண்டு என்பார்கள். 1930-களின் நடுவில் கன்சாஸ் சிட்டியின் ரீனோ கிளப்பிலிருந்து அவர் குழுவின் இசை ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது. 'பில் பேஸி' என்ற பெயர் சப்பென்று இருக்கிறதே என்று அறிவிப்பாளர் ஒருவர் அவரைக் கவுண்ட் ஆக்கினாராம். ஏற்கெனவே டியூக் எலிங்டன் இருந்தார், ஏர்ல் ஹைன்ஸ் இருந்தார், வரிசையில் இவரும் சேரட்டுமே! இதில் வேடிக்கை, ஏர்ல் என்பதும் ஒரு பிரபுப் பட்டம்தான், ஆனால் ஹைன்ஸுக்கு அது வீட்டில் வைத்த பெயரேதான்.

இதெல்லாம் வெறும் விளம்பர மினுக்கு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அந்தக் காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெள்ளையர்கள் கறுப்பினத்தவரை 'மிஸ்டர்' என்றோ 'மிஸ்' என்றோ அழைக்க மாட்டார்கள். எத்தனை வயதானாலும் வெறும் பெயர்தான், இல்லையென்றால் 'டேய் பையா'. தாத்தா வயதுக்காரரைச் சின்னப் பிள்ளைகள் ஒருமையில் கூப்பிட்ட ஊர்கள் நமக்கும் தெரியும். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

1963-இல் அலபாமா மாநில நீதிமன்றம் ஒன்றில் மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினப் பெண் சாட்சிக் கூண்டில் நின்றார். அரசு வழக்கறிஞர் 'மேரி' என்று கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். 'மிஸ் ஹாமில்டன் என்று கூப்பிடும்வரை பதில் சொல்ல மாட்டேன்' என்று இவர் நின்றுவிட்டார். நீதிமன்ற அவமதிப்பு! 5 நாள் சிறை, 50 டாலர் அபராதம். மறு வருஷம் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அதே 1963-இன் இலையுதிர் காலத்தில் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் நாட்டின் பெருமையைக் காட்ட ஓர் இசைக் குழுவை இந்தியா, இலங்கை உட்படப் பல நாடுகளுக்கு அனுப்பியது. குழுவின் தலைவர் டியூக் எலிங்டன்.

'மிஸ்' கிடைக்காத ஊரில் பாடகி பில்லி ஹாலிடேயை 'லேடி டே' ஆக்கியவர் சாக்ஸஃபோன் கலைஞர் லெஸ்டர் யங். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தபோது பில்லியின் அம்மாவுக்கும் 'டச்சஸ்', அதாவது டியூக்கின் பெண்பால், பட்டம் சூட்டினார். சாப்பாடு போட்ட கைக்குச் செய்த மரியாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிலுக்கு அவரை எப்படி அழைப்பது? பில்லி போட்ட கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்த நாட்டில் ராஜா, டியூக்கெல்லாம் ஒன்றுமே இல்லை, பெரிய ஆள் என்றால் ரூஸ்வெல்ட், அவர் பிரசிடென்ட். ஆக, லெஸ்டரும் பிரசிடென்ட்! அது சுருங்கி 'பிரெஸ்' ஆகி, கடைசிவரை அவரோடு இருந்தது.

சிநேகிதன் கொடுத்த பட்டத்தோடு எலிங்டன் ஒரு நிஜ ராணியையும் சந்தித்தார். 1958-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், இரண்டாம் எலிசபெத். ஊர் திரும்பியதும் ராணிக்காகவே ஓர் இசைத்தொகுப்பை உருவாக்கி, ஒரே ஒரு இசைத்தட்டு அடித்து அரண்மனைக்கு அனுப்பிவைத்தார். அவர் உயிரோடு இருந்தவரை அது கடைக்கு வரவில்லை. 1974-இல் அவர் காலமானார். மற்றவர்கள் காசு கொடுத்து வாங்க முடிந்தது 1976-இல்தான்.

நன்றி, வணக்கம்.