தீவுக்காரர்களை எப்போது கேட்பது?

(பாளையங்கோட்டையில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அண்ணாச்சிக்கும், வானம் மூடிக்கொண்டு வந்தும் குடையோடு கிளம்பி வந்திருக்கிற உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

அழைப்பிதழைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர், "திருநெல்வேலியில உக்காந்துக்கிட்டு தீவைப் பத்தி என்ன பேசப் போறீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உண்டு. அவற்றில் ஊர் எதுவும் இல்லை. ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. ஆற்றங்கரை ஊர்கள் பலவற்றுக்குச் சாலை இல்லை, கரண்ட் இல்லை, போன் இல்லை; ஊரே தீவாகிவிட்டது. ரயிலில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். எந்த வழியில் தண்ணீர் குறைவு, யார் வீட்டில் அரிசி இருக்கும் என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். மாவட்டத் தலைநகரில் இருந்துகொண்டு அதைக் கண்டுபிடிக்க முடியாது.

நமக்கு வெள்ளம் வடிந்துவிட்டது. வருஷம் முழுக்க அப்படி இருக்கிறவர்களும் நம் மாவட்டத்திலேயே உண்டு. காரையார் அணை என்றும் சொல்கிற பாபநாசம் அணையின் நீர்ப்பரப்புக்கு அந்தப்பக்கம், காட்டுக்குள், இஞ்சிக்குழி என்ற காணிப் பழங்குடியினரின் குடியிருப்பு இருக்கிறது. படகில் போய் இறங்கி, அப்புறம் நடக்க வேண்டும். அந்த அணையின் நீர்மட்டம் தினமும் பேப்பரில் வருகிறது. முழுக் கொள்ளளவு 143 அடி. நாம் அதைப் பார்ப்பது கார் பருவ நெல்லுக்குத் தண்ணீர் கிடைக்குமா, அடுத்து வரும் பிசானப் பருவத்துக்குத் தாங்குமா என்று தெரிந்துகொள்ள. அணைக்கு அந்தப்பக்கம் இருக்கிறவருக்கு அதே எண்ணில் வேறு கணக்கு. தண்ணீர் இறங்க இறங்கப் படகு ஒதுங்கும் இடம் மாறும்; ரேஷன் அரிசியைத் தலையில் சுமந்து நடக்கிற தூரமும் மாறும். நான் பார்த்த வரையில், படகைப் பற்றிய கோப்பில் இந்தக் கணக்கு இருப்பதில்லை.

அந்த ஒரு குடியிருப்புக்கு எத்தனை அலுவலகம் என்று எண்ணிப் பாருங்கள். காடு வனத்துறையிடம். களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம் என்பதால் அதற்கான விதிகள் தனி. அணையும் மின்நிலையமும் வேறு துறைகளிடம். அரிசி ஒரு துறை, பள்ளிக்கூடம் ஒரு துறை, நர்ஸம்மா ஒரு துறை. ஒவ்வொருவரும் தன் பங்கைச் சரியாகவே செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் நர்ஸம்மா வருகிற கிழமையில் படகு ஓடாமல் போகலாம். இந்த முரண் அங்கே வாழ்கிறவருக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் எல்லாத் துறைகளும் வந்து சேர்கிற இடம் அவர் வீட்டு வாசல்.

சரி, அவரைக் கேட்கிறோமா என்றால், கேட்கிறோம். எப்போது கேட்கிறோம் என்பதில்தான் சிக்கல். எஸ்டிமேட் போட்டாயிற்று, நிதி ஒதுக்கியாயிற்று, டெண்டர் பேச்சு வந்தாயிற்று. அப்புறம் பந்தல் போட்டு, மைக் வைத்து, கருத்துக் கேட்புக் கூட்டம். அந்த நேரத்தில் வருகிறவர் கை தட்டலாம், இல்லாவிட்டால் சத்தம் போடலாம். மூன்றாவதாக ஒன்றும் செய்ய முடியாது. பெண் பார்த்து, தேதி குறித்து, பத்திரிகையும் அடித்துவிட்டு மாப்பிள்ளையிடம் சம்மதம் கேட்கிற கதை இது.

ஸ்காட்லாந்தில் இதற்கு ஒரு சட்டமே போட்டிருக்கிறார்கள். வடக்கே ஆர்க்னி, ஷெட்லாந்து, மேற்கே வெஸ்டர்ன் ஐல்ஸ் என்ற மூன்று தீவுக் கவுன்சில்கள் 2013இல் ஒன்றுசேர்ந்து குரல் கொடுத்தன. 2018இல் தீவுகள் சட்டம் வந்தது. கவுன்சிலோ சுகாதார வாரியமோ ஒரு கொள்கையை, ஒரு சேவையைப் புதிதாகக் கொண்டுவரும்போதோ மாற்றும்போதோ, அதன் விளைவு தீவில் மற்ற இடங்களைவிடக் கணிசமாக வேறுபடும் என்று தோன்றினால், முன்கூட்டியே ஒரு மதிப்பீடு தயாரிக்க வேண்டும். அந்த மதிப்பீடு தேவையில்லை என்று முடிவெடுத்தால் ஏன் தேவையில்லை என்று காரணத்தை எழுதி வெளியிட வேண்டும். எனக்கு இந்த இரண்டாவது பகுதிதான் பிடித்தது. நம் ஊரில் ஒரு மனு நிராகரிக்கப்பட்டால் 'பரிசீலிக்க இயலவில்லை' என்று ஒரு வரி வரும். காரணம் எழுத வேண்டும் என்றால் பேனா கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கத்தில்தான் மறுயோசனை வருகிறது.

அதே சட்டத்தில் ஒரு வேடிக்கை. ஷெட்லாந்து வெகு வடக்கே இருப்பதால் வரைபடத்தில் இடம் பற்றாது. தூக்கி ஒரு கட்டத்துக்குள் போட்டு ஓரமாக ஒட்டிவிடுவார்கள். அரசு அலுவலகங்கள் வெளியிடும் வரைபடங்களில் இனி அப்படிச் செய்யக்கூடாது, உண்மையான இடத்திலேயே காட்ட வேண்டும், முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். சிரிக்கலாம். ஆனால் கட்டத்துக்குள் பார்த்துப் பழகிய அதிகாரிக்கு அந்தத் தீவு எவ்வளவு தூரம் என்பது மறந்தே போகும்.

சட்டம் போட்டதும் கப்பல் வந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். அரன் தீவுக்கான 'கிளென் சானக்ஸ்' என்ற கப்பலுக்கு 2015இல் ஒப்பந்தம் போட்டார்கள். 2018இல் வந்திருக்க வேண்டியது, 2025 ஜனவரியில்தான் ஓடத் தொடங்கியது. இடைப்பட்ட வருஷங்களில் பழைய கப்பல்கள் பழுதாகும்போதெல்லாம் தீவுக்காரர்கள் பாடு திண்டாட்டம்.

நம் நாட்டுக்கு வருவோம். லட்சத்தீவில் மக்கள் வாழும் தீவுகள் 10. மொத்தப் பரப்பு 32 சதுர கிலோமீட்டர், 2011 கணக்கெடுப்பில் மக்கள் 64,473 பேர். அங்கே 2021இல் வளர்ச்சி ஆணையம் அமைப்பதற்கான வரைவு விதிமுறை வந்தது. நிலத்தைத் திட்டத்துக்காக எடுப்பது வரைக்கும் அதில் அதிகாரம். வந்த நேரம் கொரோனா இரண்டாம் அலை. வரைவு நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. கருத்துச் சொல்லக் கொடுத்த அவகாசம் போதாது, ஊரடங்கில் கூடிப் பேசவே வழியில்லை என்பது தீவு மக்கள் சொன்ன முக்கியமான குறை. இத்தனைக்கும் அங்கே கூடிப் பேசும் பழக்கம் இல்லாமல் இல்லை. மினிக்காய் தீவில் ஒவ்வொரு கிராமத்துக்கும் தலைவர் உண்டு, பெண்களுக்குத் தனித் தலைவியும் உண்டு. நம் காணி மக்களிடம் மூட்டுக்காணி என்ற ஊர்த்தலைவர் இருப்பதுபோல. ஏற்கெனவே இருக்கிற இந்தத் திண்ணையை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு குழு போடுவது அலுவலகங்களுக்கு ஏனோ சுலபமாக இருக்கிறது.

கேளுங்கள் என்றால் நிபுணர் வேண்டாம் என்று அர்த்தமில்லை. பவளத்தீவில் நல்ல தண்ணீர் என்பது மணலுக்கடியில், உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கும் மெல்லிய படலம். மோட்டார் போட்டு இழுத்தால் உப்பு ஏறிவிடும். லட்சத்தீவின் தலைநகர் கவரத்தியில் 2005இல் சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் ஓர் ஆலை அமைத்தது. கடலின் மேல்மட்ட வெதுவெதுப்பான நீரையும் ஆழத்துக் குளிர்நீரையும் வைத்து, நாளுக்கு 1 லட்சம் லிட்டர் குடிநீர். கிணற்றுக்காரருக்கு அது தெரிய வழியில்லை. எந்தத் தெருக் கிணறு எந்த மாதம் உப்பாகும் என்பது அந்த விஞ்ஞானிக்குத் தெரிய வழியில்லை. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

உட்காராவிட்டால் என்ன ஆகும் என்பதை நிக்கோபார் காட்டியது. 2004 சுனாமிக்குப் பிறகு அரசு நிறையச் செலவு செய்தது. மனசில்லாமல் செய்தது என்று யாரும் சொல்ல முடியாது. அந்த மக்கள் துஹெட் என்ற பெரிய கூட்டுக் குடும்பங்களாக வாழ்ந்தவர்கள். தோப்பும் பன்றியும் துஹெட்டுக்குப் பொது. நிவாரணப் பணமும் வீடும் வந்தது தனித்தனிக் குடும்பக் கணக்கில். படிவத்தில் அந்த ஒரு கட்டம்தான் இருந்தது. காற்றோட்டமான உயரக் குடிசையில் வாழ்ந்தவர்கள் தகரக் கொட்டகையில் வெந்தார்கள். பணம் வந்த வழியே குடும்பங்களும் பிரிந்தன.

"பத்து வீட்டுக்காக இவ்வளவு பாடா?" என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். தலைக்கு இத்தனை ரூபாய் என்று வகுத்தால் தீவு தோற்றுத்தான் போகும். ஆர்க்னியில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு ஒரு குட்டி விமானம் போகிறது. 2.7 கிலோமீட்டர், இரண்டு நிமிஷத்துக்குள் இறங்கிவிடும். உலகிலேயே குறுகிய வழக்கமான விமானப் பயணம். சுற்றுலாக்காரர்கள் சான்றிதழ் வாங்கப் போகிறார்கள். தீவுக்காரருக்கு அது ஆசிரியரும் மருத்துவரும் வந்துபோகிற வண்டி.

முன்னாலேயே கேட்டால் கட்டுப்பாட்டையும் மக்களே ஏற்றுக்கொள்வது உண்டு. ஸ்காட்லாந்தில் எக் (Eigg) என்று ஒரு தீவு, சுமார் நூறு பேர். 1997இல் ஊர்க்காரர்களே ஓர் அறக்கட்டளை வழியாகத் தீவை விலைக்கு வாங்கினார்கள். 2008இல் காற்று, நீர், சூரிய ஒளி மூன்றையும் சேர்த்துச் சொந்த மின்சாரம். வீட்டுக்கு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று அவர்களே வைத்துக்கொண்ட உச்சவரம்பு. ஹீட்டரையும் வாஷிங் மெஷினையும் கெட்டிலையும் சேர்த்துப் போட முடியாது. இதே வரம்பை மின்வாரியம் உத்தரவாக அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நம் சட்டத்திலும் வழி இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, காட்டுக்குள் பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், சாலை என 13 வகை வசதிகளுக்கு நிலம் ஒதுக்க இடம் கொடுக்கிறது. ஒவ்வொன்றும் 1 ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல். அதற்குக் கிராம சபையின் பரிந்துரை வேண்டும். அதாவது கோப்பு மக்களிடமிருந்து கிளம்ப வேண்டும். நடைமுறையில் எஸ்டிமேட்டைத் தயார் செய்துவிட்டுத் தீர்மானப் புத்தகத்தைக் கையெழுத்துக்கு அனுப்புவதுதான் பல இடங்களில் நடக்கிறது.

பேச்சு முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா கேட்டார்: "எல்லாம் சரி சார், கூட்டம்னு கூப்பிட்டா அவங்க வரணும்ல? வரமாட்டேங்காங்களே."

அவருக்குச் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். திங்கள்கிழமை மனு கொடுக்கக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு வர வேண்டும் என்றால் இஞ்சிக்குழிக்காரருக்கு நடை, படகு, அப்புறம் பாபநாசத்திலிருந்து பஸ். தேன் எடுக்கிற பருவமாக இருந்தால் அந்த நாளின் வருமானமும் போச்சு. கூட்டத்தை அவர்கள் இடத்தில், அவர்கள் சொல்லும் மாதத்தில் வையுங்கள். போன கூட்டத்தில் கேட்டது என்ன ஆயிற்று என்பதை முதலில் வாசியுங்கள்; ஆகாததற்குக் காரணத்தோடு வாசியுங்கள். அப்புறம் அவர்கள் கீழே இறங்கி வந்தே ஆக வேண்டிய கூட்டம் என்றால், அதிகாரிக்குப் பயணப்படி கொடுக்கிறோம் இல்லையா, படகேறி வருகிறவருக்கும் கூலியும் பஸ் காசும் அந்தத் திட்டத்தின் எஸ்டிமேட்டிலேயே ஒரு வரியாக வர வேண்டும். அந்த வரியைத் தணிக்கையில் வெட்டுவார்கள் என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னார். வெட்டினால் காரணம் எழுதி வெட்டட்டும் என்றேன்.