பாலும் பல்லும் பாட்டியும்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

யானைக் கன்று பால் குடிப்பதை நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? நான் முதன்முதலாகப் பார்த்தபோது நெடுநேரம் நகராமல் நின்றுவிட்டேன். பசுவுக்கு இருப்பதுபோல் பின்னங்கால் பக்கம் மடி இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கன்றோ நேராகத் தாயின் முன்னங்கால்களுக்கு நடுவே போனது. மனிதத் தாய்க்கு இருப்பதுபோலவே மார்பில் இரண்டே முலைகள். கன்று தன் சின்னத் தும்பிக்கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒதுக்கிவிட்டு வாயை வைத்துக் குடித்தது. தும்பிக்கையால் உறிஞ்சும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, வாயால்தான்.

அந்தப் பாலைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். உலகில் ஏறத்தாழ 6,500 வகைப் பாலூட்டிகள் இருக்கின்றன. வௌவால், திமிங்கலம், எலி, நாம், எல்லோரும் அதில் அடக்கம். வெப்ப இரத்தம், உடம்பில் மயிர், நடுச்செவியில் மூன்று சிறிய எலும்புகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். குட்டி போடுவதையும் ஓர் அடையாளமாகச் சொல்வார்கள். அது முழுக்கச் சரியல்ல. ஆஸ்திரேலியாவில் வாழும் பிளாட்டிபஸ் முட்டைதான் இடுகிறது. ஆனால் பொரிந்து வரும் குஞ்சுக்கு அதுவும் பால் கொடுக்கிறது. பாலில் மட்டும் விதிவிலக்கே கிடையாது.

யானைக்கு மயிர் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். பிறந்த கன்றின் தலையையும் முதுகையும் பாருங்கள், நன்றாகவே தெரியும். வளர்ந்த யானையின் தோலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் மயிர், உடம்புச் சூட்டை வெளியேற்ற உதவுகிறது. மற்ற பாலூட்டிகளுக்குப் போர்வையாக இருப்பது யானைக்கு விசிறியாகிவிட்டது.

சரி, பாலுக்கு வருவோம். பால் இருப்பதால், பிறந்த குட்டிக்கு உடனே கடித்து மெல்ல வேண்டிய அவசியம் இல்லை. தாடை வளரும்வரை பற்கள் காத்திருக்கலாம். அதனால்தான் பாலூட்டிகளின் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகின்றன. முதலைக்குப் பல் விழ விழ முளைத்துக்கொண்டே இருக்கும். நமக்கு இரண்டு தடவைதான். யானை இதில் தனி வழி. வாயின் ஒவ்வொரு பக்கத்திலும், மேலும் கீழும், ஆயுளுக்கு ஆறு கடைவாய்ப் பற்கள். ஆறும் ஒன்றாக வராது. புதுப்பல் தாடையின் பின்புறம் முளைத்து மெல்ல மெல்ல முன்னே நகர்ந்து வரும். முன்னால் இருக்கும் பழைய பல் தேய்ந்து, துண்டு துண்டாக உடைந்து விழும். கடைசியாக வரும் ஆறாவது பல் ஒரு செங்கல்லுக்குக் குறையாத அளவு. ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ புல்லையும் மரப்பட்டையையும் அரைப்பதென்றால் அப்படிப்பட்ட பல்தான் வேண்டும். தந்தம் இந்தக் கணக்கில் சேராது. அது மேல்தாடையின் வெட்டுப்பல்.

பால் இன்னொன்றையும் தருகிறது: கற்றுக்கொள்ளக் கால அவகாசம். எனக்கு அதுதான் பெரிய விஷயம். கன்று தாயின் வயிற்றில் இருப்பது கிட்டத்தட்ட 22 மாதம். பிறக்கும்போதே சுமார் 100 கிலோ எடை. ஆனால் மூளையோ, வளர்ந்த யானையின் மூளையில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். மிச்சமெல்லாம் வெளியே வந்தபிறகுதான் வளர வேண்டும். எலும்பே இல்லாத தன் தும்பிக்கையை என்ன செய்வதென்று முதல் சில வாரங்கள் கன்றுக்குப் புரிவதில்லை. ஆட்டும், சுழற்றும், தானே மிதித்துக்கொள்ளும். அப்புறம் ஒருநாள் தாய் மென்றுகொண்டிருக்கும்போது, அவள் வாய்க்குள்ளேயே தும்பிக்கையை விட்டு ஒரு கவளத்தை எடுத்து ருசி பார்க்கும். எதைத் தின்னலாம் என்ற பாடம் அங்கே ஆரம்பிக்கிறது. புல் தின்னப் பழகிய பிறகும் இரண்டு வருடத்துக்கு மேல், சில சமயம் அடுத்த கன்று பிறக்கும்வரை, பாலும் தொடரும்.

கன்று தாயிடம் மட்டும் படிப்பதில்லை. யானைக் கூட்டம் என்பது பாட்டி, அம்மா, சித்தி, பெண்மக்கள் சேர்ந்த குடும்பம். வயதுக்கு வந்த களிறு பிரிந்துபோய்விடும். வழிநடத்துவது மூத்த பிடி. அவள் நினைவு எவ்வளவு மதிப்புள்ளது என்பதை 1993-ல் தான்சானியாவின் தரங்கிரே தேசியப் பூங்காவில் வந்த கடும் வறட்சி காட்டியது. சில கூட்டங்கள் பூங்காவை விட்டே வெளியேறித் தண்ணீரும் தீவனமும் உள்ள இடங்களுக்குப் போயின. அவற்றில் 1958 முதல் 1961 வரை நீடித்த பழைய வறட்சியைக் கண்ட வயதான பிடிகள் இருந்தன. ஒரு கூட்டம் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. அதன் மூத்தவர்களைத் தந்தத்துக்காக முன்பே கொன்றிருந்தார்கள். ஒன்பது மாதங்களில் இறந்த கன்றுகளில் பெரும்பாலானவை அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. தாய்களிடம் பாசம் இருந்தது. எந்தத் திசையில் நடக்க வேண்டும் என்று தெரிந்த ஒருத்திதான் இல்லை. இதைப் படித்த நாளிலிருந்து தந்தச் சிற்பம் எதையும் என்னால் அழகென்று பார்க்க முடியவில்லை.

அறுபது வயது வாக்கில் ஆறாவது பல்லும் தேய்ந்துபோகிறது. அதன்பிறகு அந்தப் பாட்டியால் மரப்பட்டையை மெல்ல முடியாது. சதுப்பு நிலத்தின் ஓரமாக, மெத்தென்ற செடிகளைத் தேடிக்கொண்டு மெதுவாக நடப்பாள். குடும்பமும் கூடவே இருக்கும். அவள் மெல்ல முடியாமல் மெல்லும்போது, பேத்தி பெற்ற கன்று ஒன்று பக்கத்தில் வந்து, அவள் வாய்க்குள் தும்பிக்கையை விட்டு, என்ன தின்கிறாள் என்று பார்க்கும்.

நன்றி, வணக்கம்.