ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு ஓர் அறை
(பாளையங்கோட்டையில் சபை ஊழியர்கள், வாலிபர் தலைவர்கள் கூடுகையில் பேசியது)

தலைவர் ஐயா அவர்களே, திருமண்டல அலுவலர்களே, சேகர குருமார்களே, கல்லூரி முதல்வர்களே, பேராசிரியப் பெருமக்களே, பாடகர் குழுத் தம்பி தங்கையரே, விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நிற்கிற பெண்கள் ஐக்கியச் சங்கத்து அம்மாமாரே, எல்லோருக்கும் ஸ்தோத்திரம். பொன்னாடை போர்த்திய பொருளாளர் ஐயாவுக்குத் தனி நன்றி. ஐயா, இந்தப் பொன்னாடைக் காசில் நல்ல டீத்தூளாக வாங்கியிருக்கலாம். ஏன் டீத்தூள் என்று பிறகு சொல்கிறேன்.

டிஜிட்டல் தலைமுறை மாணவரை எப்படிச் சந்திப்பது என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று காரியம் பேசலாம் என்று வந்தேன். ஒன்று, பிள்ளைகள் கையிலிருக்கிற போன். இரண்டு, அவர்கள் கேட்கிற கேள்விகள். மூன்று, படித்து முடித்துப் போன பழைய மாணவர்களுக்கு இதில் உள்ள பங்கு.

எங்கள் ஆச்சி ஒரு பழமொழி சொல்லுவாள். ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுகிற மாட்டைப் பாடிக் கறக்கணும். நம்மவர்கள் இதைச் சரியாகத்தான் பிடித்துக்கொண்டார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, ஆலயக் கதவு பூட்டினது, ஆராதனை யூடியூபுக்குப் போனது. அன்றைக்கு அது தேவை. அப்புறம் கதவு திறந்தாயிற்று, கேமரா மட்டும் இறங்கவில்லை. இப்போது மூன்று கேமரா, டிரோன், எல்.இ.டி. திரை, ரீல்ஸ் போட ஒரு தம்பி. நல்லது, நான் எதிரி இல்லை. ஆனால் மாட்டுக்குப் பக்கத்தில் போகாமல் தெருமுனையில் நின்று ஆடினால் பால் வருமா? அன்றைக்குப் பள்ளிக்கூடப் பாடத்தையே போனில் படித்த பிள்ளைகள்தான் இன்றைக்குக் கல்லூரியில் இருக்கிறார்கள். திரையில் ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார், நாம் மைக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்லமாட்டேன், மூன்றாவது வரிசையில் இப்போதே தலையைக் குனிந்துகொண்டார். கல்லூரி மாணவர்களுக்காக வாட்ஸ்அப் குழு ஒன்று நடத்துகிறார். தினமும் விடியற்காலையில் ஒரு வசனம், ரோஜாப்பூ, பின்னால் சூரிய உதயம். ஒரு வருஷமாகக் குழுவில் ஒரு பதில் கிடையாது. எல்லோரும் மியூட்டில் போட்டிருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது, பாவம். ஒரு சனிக்கிழமை மார்க்கெட்டில் நின்று வீட்டம்மாவுக்கு வாய்ஸ் நோட் போடுகிறார்: "ஏளா, சாளை பளபளன்னு கெடக்கு, நெத்திலியும் வந்திருக்கு. எத வாங்க? சட்டுனு சொல்லு, வெயிலு அடிக்கி." போய் விழுந்தது மாணவர் குழுவில்!

ஒரு வருஷம் வாய் திறக்காத குழு பத்து நிமிஷத்தில் கொதித்துவிட்டது. "சாளை வாங்குங்க சார்." "நெத்திலிதான் சார், மாங்காய் போட்டு." ஒரு பையன் ஓட்டெடுப்பே வைத்துவிட்டான், சாளையா நெத்திலியா என்று. இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளை ஒருத்தி குழம்புக்குத் தேங்காய் எப்போது அரைத்து ஊற்ற வேண்டும் என்று வாய்ஸ் நோட்டிலேயே விளக்குகிறாள். சார் பதறிப்போய் அழிக்கப் பார்க்கிறார், அழிக்கத் தெரியவில்லை. அந்த நேரத்தில் தேனிப் பக்கத்துப் பையன் ஒருவன் எழுதுகிறான்: "சார், வீட்டு மீன்குழம்பு சாப்பிட்டு நாலு மாசம் ஆச்சு." சார் அதை வீட்டம்மாவிடம் காட்டினார். அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "கூட்டிட்டு வாங்க."

அன்று ராத்திரி ஐந்து பேர் வந்தார்கள். சாளை, நெத்திலி இரண்டும் வாங்கியாயிற்று. சாப்பிட்டார்கள், சட்டியை வழித்தார்கள், யாரும் எழுந்து போகவில்லை. ஒன்பது மணிக்கு மேல் அந்தத் தேனிப் பையன் கேட்டான்: "சார், அரியர் விழுந்ததை வீட்டில் சொல்லவில்லை. அப்பா கடன் வாங்கித்தான் பீஸ் கட்டினார். இதற்கெல்லாம் ஜெபம் பண்ணலாமா?" ரோஜாப்பூ ஒரு வருஷமாக வாங்காத கேள்வியை மீன்குழம்பு ஒரே ராத்திரியில் வாங்கிவிட்டது. இது ஆடிக் கறப்பதா, பாடிக் கறப்பதா, நீங்களே சொல்லுங்கள்.

பவுல் அப்போஸ்தலர் எபேசுவில் என்ன செய்தார்? அப்போஸ்தலர் பத்தொன்பதாம் அதிகாரம். திறன்னு என்பவனுடைய வித்தியாசாலையில் அனுதினமும் சம்பாஷித்தார், இரண்டு வருஷ காலம். பிரசங்கம் பண்ணிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடவில்லை. ஓர் அறை, தினமும், பேச்சு. நம் ஊர் மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராக இளைஞர்களைத் தேடிப் போனவர். 1903-இல் இதே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியதில் முன்னின்றவர். 1912-இல் டோர்ணக்கல் பேராயர் ஆனார், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். 1954-இல் கல்லூரி மாணவர் நடுவே ஊழியம் செய்கிற யு.ஈ.எஸ்.ஐ. இயக்கம் தொடங்கியபோதும் அது மாணவர்களே நடத்துகிற ஊழியமாகத்தான் எழுந்தது. என் கல்லூரி நாளில் எங்கள் ஜெபக்குழு கூடினது ஒரு பேராசிரியர் வீட்டு வராந்தாவில். அவர் வீட்டுக் காப்பிக்காகவே வந்து, பிறகு வேதத்துக்காக வந்தவர்கள் உண்டு.

இரண்டாவது, கேள்விகள். இதற்கே தனிக் கூட்டம் போட வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். "சபைக்குள்ளேயும் சாதி பார்த்துத்தானே ஓட்டுப் போடுகிறீர்கள்?" என்று ஒரு பிள்ளை கேட்டால், தயவுசெய்து வசனப் படம் அனுப்பாதீர்கள். சபைத் தேர்தல் வழக்குகளையெல்லாம் அவர்கள் நமக்கு முன்னாலேயே போனில் படித்துவிடுகிறார்கள்.

இப்போது டீத்தூளுக்கு வருகிறேன். பாளையங்கோட்டையைத் தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்கிறோம். தூய யோவான், தூய சவேரியார், சாரா டக்கர் என்று நடந்து போகிற தூரத்திலேயே கல்லூரிகள். சுற்றிலும் ஹாஸ்டல்கள். நம்மிடமோ சபைக்குச் சபை கல்யாண மண்டபம், முகூர்த்தம் இல்லாத நாளெல்லாம் பூட்டு. ஒவ்வொரு சேகரமும், அதாவது ஒரு குருவானவர் பொறுப்பிலுள்ள சபைத் தொகுதியும், ஒரே ஓர் அறையைச் சாயங்காலம் ஐந்திலிருந்து ஹாஸ்டல் கதவு அடைக்கிற நேரம் வரை திறந்து வையுங்கள். நாலு பெஞ்சு, மின்விசிறி, டீ, போன் சார்ஜ் போட வரிசையாகப் பிளக் பாயிண்ட். வைஃபை இருந்தால் இன்னும் நல்லது. எந்த மதத்துப் பிள்ளையும் வரட்டும், படிக்கட்டும். உள்ளே வந்ததும் அட்டை நீட்டிப் பெயர், ஊர், சபை எழுதச் சொல்லாதீர்கள். பெரியவர் ஒருவர் மட்டும் தினமும் உட்கார்ந்திருக்க வேண்டும், கேட்டால் பேச, கேட்காவிட்டால் சும்மா இருக்க. இந்தச் சும்மா இருப்பதுதான் நம்மவர்களுக்குக் கஷ்டம். ஆடுகிற மாடோ பாடுகிற மாடோ, முதலில் தொழுவத்துக்குள் போக வேண்டாமா?

மூன்றாவது காரியம் பழைய மாணவர்கள். தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார், சாப்பாட்டு வாசனையும் வந்துவிட்டது. அதை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்ளலாம். வாசல் பக்கத்து மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அறை தருகிற சேகரம் ஒரு பக்கம், உட்கார வருகிற பெரியவர்கள் ஒரு பக்கம். சாப்பிடப் போகிற வழிதான், எழுதிவிட்டுப் போங்கள். முதல் பெயர் அந்தத் தலைமையாசிரியருடையது, அவரைக் கேட்காமல் நானே எழுதிவிட்டேன். நன்றி, வணக்கம்.