தீர்ப்பா, தோணியா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் பூர்வகுடி இளைஞரை மூதாதையர் மண்ணோடு சேர்ப்பது நீதிமன்றத் தீர்ப்பா, கோடைதோறும் ஓர் இனத்தார் இன்னோர் இனத்தாரின் கரைக்குத் துடுப்பு வலித்துச் செல்லும் தோணிப் பயணமா என்பது இன்றைய வழக்கு. தோணியே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "அது கோடைக்கு ஒரு முறை வரும் திருவிழா, துடுப்பு வலித்து ஒரு சாண் நிலமாவது திரும்பக் கிடைத்ததா?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார். கேள்வி நியாயமானது, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1985இல் கனடாவின் மேற்குக் கரையிலுள்ள ஹைதா குவாய் தீவுக்கூட்டத்தில், காடு வெட்டுவதைத் தடுக்கச் சாலையை மறித்துக் கைதான ஹைதா பூர்வகுடி மக்களில் முதியோரும் இருந்தார்கள். அடுத்த ஆண்டே சிற்பி பில் ரீடின் முயற்சியில் ஒற்றைச் சிவப்புச் சீடர் மரத்தைக் குடைந்து, உள்ளே நீர் நிரப்பி, பழுக்கக் காய்ச்சிய கற்களை இட்டு, ஆவியில் பக்கங்களை விரித்து, ஏறத்தாழ 15 மீட்டர் நீளத் தோணி ஒன்றை உருவாக்கினார்கள். 'அலையை உண்பது' என்று பொருள்படும் லூ டாஸ் என்பது அதன் பெயர். 1987இல் வான்கூவரிலிருந்து ஹைதா மக்களின் ஊரான ஸ்கிடெகேட் வரை அதைத் துடுப்பு வலித்தே கொண்டு சென்றார்கள். அதே ஜூலையில்தான் அந்தக் காட்டைக் காக்கும் உடன்படிக்கையில் கனடா அரசும் மாகாண அரசும் கையெழுத்திட்டன. தோணிதான் காட்டை மீட்டது என்று நான் மிகைப்படுத்த மாட்டேன். மறியலும் வழக்குகளும் அதன் பின்னே உண்டு. ஆனால் மீண்ட காட்டுக்குள் எந்த உரிமையோடு கால்வைப்பது என்பதை உடன்படிக்கைத் தாள் எந்த இளைஞனுக்கும் கற்பிக்கவில்லை.

எதிரணியினர் பெருமையோடு எடுத்துக்காட்டிய பூர்வகுடிகளின் நில உரிமை பற்றிய 1997ஆம் ஆண்டின் டெல்காமூக் தீர்ப்புக்கு வருகிறேன். கீழ்நீதிமன்ற விசாரணையில் ஒரு மூதாட்டி தம் குலப்பாடலைச் சான்றாகப் பாட முனைந்தபோது, தமக்கு இசை கேட்கும் செவி இல்லை என்றார் நீதிபதி. பின்னர் கனடா உச்ச நீதிமன்றம், வாய்மொழி வரலாற்றையும் உரிய சான்றாக எடைபோட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மகிழ்ச்சி. ஆனால் நடுவர் அவர்களே, அந்தப் பாட்டைப் பாட அடுத்த தலைமுறையில் ஆள் இல்லையென்றால், நீதிமன்றம் எதை எடைபோடும்? 1885 முதல் 1951 வரை கனடா பொட்லாட்ச் விருந்துச் சடங்கையே சட்டத்தால் தடைசெய்திருந்தது. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகள் அவர்கள் வாயிலிருந்து தாய்மொழியைப் பிடுங்கின. பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவே வெட்டப்பட்ட அந்த இழையை எந்தத் தீர்ப்பு மீண்டும் முடிச்சிட்டு இணைத்தது?

1989இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில நூற்றாண்டு விழாவையொட்டி, குவினால்ட் என்னும் பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த கல்வியாளர் எம்மெட் ஆலிவர் 'சியாட்டிலுக்குத் துடுப்பு வலிப்போம்' என்று அழைத்தார். அங்கே கனடாவிலிருந்து வந்த ஹெய்ல்ட்சுக் பூர்வகுடி மக்கள் தங்கள் ஊரான பெல்லா பெல்லாவுக்கு 1993இல் வருமாறு பதில் அழைப்பு விடுத்தார்கள். அதன்பின் கோடைதோறும் ஏதேனும் ஓர் இனம் விருந்தோம்ப, தோணிகள் புறப்படுவது வழக்கமாயிற்று. துணைக்கு இயந்திரப் படகுகள் வருகின்றன என்று எதிரணி ஏளனம் செய்தது. கடலில் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவர் வேறு என்ன செய்வார்?

அந்தத் தோணியில் சாராயத்துக்கும் போதைப்பொருளுக்கும் இடமில்லை. தனித்த வீரருக்கும் இடமில்லை: ஒருவர் தாளம் தவறினால் எல்லார் தோளும் வலிக்கும். நீரோட்டம் எப்போது திரும்பும், எந்த முனையை எந்த நேரத்தில் கடக்கலாம் என்பதை அறிந்தவரின் சொல்லுக்கு, வீட்டில் எவர் சொல்லையும் கேளாத இளைஞனும் கட்டுப்படுகிறான். கரை தெரிந்ததும் தோணி தானாக ஒதுங்குவதில்லை. துடுப்புகளை நிமிர்த்திப் பிடித்து நீரிலேயே நிற்கிறார்கள். ஒருவர் எழுந்து, தாங்கள் யார், எங்கிருந்து வருகிறோம் என்பதைச் சொல்லி, இறங்க அனுமதி கேட்கிறார். அந்தச் சொற்களைத் தம் மொழியிலேயே சொல்ல ஓர் இளம்பெண் எழுகிறாள் என்றால், அவள் அவற்றை ஒரு முதியவரிடம் கேட்டுக் கற்றிருக்க வேண்டும். கரையில் நிற்கும் தலைவர் "வாருங்கள்" என்று சொல்லும் அந்த நொடியில், அந்த நிலம் யாருடையது என்பதில் இருதரப்பிலும் எவருக்கும் ஐயம் இருப்பதில்லை.

அந்த "வாருங்கள்" என்ற சொல்லுக்கு நிகரான ஒரு வரியை எந்தத் தீர்ப்பிலிருந்தாவது எதிரணியினர் வாசித்துக்காட்டட்டும். அதுவரை என் வாதத்தை நடுவர் அவர்களிடம் விட்டு அமர்கிறேன்.