உப்பு யார் யாருக்கு இட்டது?

(மார்த்தாண்டம் அருகே நடந்த கூடைப்பந்து கோடைப் பயிற்சி முகாமின் நிறைவு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, கேட்ட உடனே மறுபேச்சில்லாமல் மைதானத்தைத் திறந்துவிட்ட பள்ளித் தாளாளர் அருட்பணியாளர் அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, வேறு இரண்டு நிகழ்ச்சிகளை முடித்துவிட்டு வியர்வை காயாமல் இங்கே வந்து அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, வார்டு உறுப்பினர்களே, காலையில் ஐந்தரை மணிக்கே விசிலோடு வந்து நின்ற பி.டி. ஆசிரியர்களே, பயிற்சியாளர்களே, பிள்ளைகளை பைக்கில் கொண்டுவந்து விட்டுக் கூட்டிப்போன பெற்றோர்களே, என் அன்பு மக்களே, அனைவருக்கும் வணக்கம். பேரூராட்சித் தலைவர் பாதியில் கிளம்ப வேண்டும் என்று என்னிடம் சொன்னார். அவர் இருக்க வேண்டிய இடம் ஒன்று என் பேச்சின் கடைசியில் வருகிறது. தயவுசெய்து கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், தலைவர். தாளாளர் அவர்களுக்கு இன்னொரு நன்றியும் உண்டு. முகாம் நாட்களில் பிள்ளைகளுக்கு அவித்த முட்டையும் சுண்டலும் அவர் ஏற்பாடு. யாரும் கேட்காமல் செய்தது அது.

இன்று மூன்று செய்திகள் சொல்ல நினைக்கிறேன். ஒன்று, ஆட்டக்காரனின் விசுவாசம். இரண்டு, டிரேட் என்று சொல்கிறார்களே, அது எப்படி நடக்கிறது. மூன்று, நம் ஊர்ப் பிள்ளைகள் மழையிலும் ஆட ஒரு கோர்ட்.

முன்வரிசையில் 77ஆம் எண் போட்ட லேக்கர்ஸ் ஜெர்ஸி ஒன்று தெரிகிறது. அதே எண் போட்ட நீல ஜெர்ஸியும் பின்னால் ஒன்று இருக்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான், அமெரிக்காவில் கூடைப்பந்து ஆடும் லூகா டான்சிச். அந்த இரண்டு ஜெர்ஸிக்கும் நடுவில் நடந்ததை எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்லோவேனியாவில் பிறந்த பையன். 2018 முதல் டல்லாஸ் மேவரிக்ஸ் அணியில் ஆடினான். 2024இல் அந்த அணியை, அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் இறுதிச் சுற்றுவரை கொண்டுபோனான். அங்கே பாஸ்டனிடம் தோற்றார்கள், சரி. எட்டே மாதம்தான். 2025 பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை நள்ளிரவில் அவனை லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸுக்கு மாற்றிவிட்டதாகச் செய்தி வந்தது. வயது 25. அந்தப் பக்கத்திலிருந்து ஆந்தனி டேவிஸும் மேக்ஸ் கிறிஸ்டியும் வந்தார்கள், 2029ஆம் ஆண்டின் முதல் சுற்று டிராஃப்ட் உரிமை, அதாவது புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும்போது ஒருவரை எடுக்கும் உரிமை ஒன்றும் வந்தது. அவன் கேட்டுப் போகவில்லை. டல்லாஸிலேயே இருந்திருந்தால் சுமார் 345 மில்லியன் டாலர் ஒப்பந்தத்துக்குத் தகுதி வந்திருக்கும். மாற்றிய உடனே அந்தத் தகுதியும் போனது. நம் குலசேகரத்திலோ அருமனையிலோ ஏழு வருடம் வளர்த்த ரப்பர் மரத்தை, பால் வெட்டத் தொடங்கிய வருடத்திலேயே யாராவது வேரோடு விற்பார்களா?

டல்லாஸ் ரசிகர்கள் அரங்கத்துக்கு வெளியே, அந்த அணியின் பழைய நட்சத்திரம் டர்க் நோவிட்ஸ்கியின் சிலையடியில் பூ வைத்தார்கள். சவப்பெட்டி கொண்டுவந்து வைத்தவர்களும் உண்டு. ஏப்ரலில் அவன் லேக்கர்ஸ் ஜெர்ஸியோடு அதே அரங்குக்கு வந்தபோது அவனுடைய பழைய ஆட்டங்களைத் திரையில் ஓட்டினார்கள். பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகம் துடைத்துக்கொண்டே அழுதான். அப்புறம் இறங்கி 45 புள்ளி எடுத்தான். அவனை விற்ற ஜெனரல் மேனேஜரை அந்த ஆண்டு நவம்பரில் அணியே வீட்டுக்கு அனுப்பியது.

என்னிடம் படித்தவர்களுக்கு நான் அடிக்கடி சொல்லும் பழமொழி தெரியும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை. புத்தளத்திலும் சாமிதோப்பிலும் உப்பளம் பார்த்து வளர்ந்த ஊர் நம்முடையது, அதற்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் விளையாட்டு என்று வந்தால் இந்தப் பழமொழியை எப்போதும் ஆட்டக்காரனைப் பார்த்தே சொல்கிறோம். அவன்தான் நன்றி மறக்கக் கூடாது, அவன்தான் அணியை விட்டுப் போகக் கூடாது என்கிறோம்.

என்.பி.ஏ.வின் பெரிய நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் 2010 ஜூலையில் கிளீவ்லாந்தை விட்டு மயாமிக்குப் போகிறேன் என்று டிவியில் அறிவித்தபோது, அவர் ஜெர்ஸியைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். அணி முதலாளி கோபமாகக் கடிதம் எழுதி வெளியிட்டார். லெப்ரான் செய்தது சட்டப்படி சரி. கான்ட்ராக்ட் முடிந்திருந்தது, அவர் யாருக்கும் கடன்படவில்லை. டிவியில் நிகழ்ச்சி போட்டு அறிவித்த விதம் எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் நான்கு வருடம் கழித்து அவரே திரும்பி வந்தார். 2016இல், இறுதிச் சுற்றில் 3-1 என்று பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு கோப்பை வாங்கிக் கொடுத்தார். எந்தப் பெரிய விளையாட்டிலும் அந்த ஊருக்கு 1964க்குப் பிறகு கிடைத்த முதல் கோப்பை அது. துரோகி என்று கொளுத்தியவர்கள்தான் ஊர்வலத்தில் தெருவை நிறைத்தார்கள்.

இப்போது அணி பக்கம் வாருங்கள். ஐசையா தாமஸ். டெட்ராய்ட்டில் ஆடிய பழைய தாமஸ் வேறு, இவர் இளையவர். உயரம் 5 அடி 9 அங்குலம். இங்கே உட்கார்ந்திருக்கும் பிளஸ் டூ பையன்களில் சிலர் அவரைவிட உயரம். 2011 டிராஃப்டில் 60 பேரில் 60ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர், பாஸ்டனுக்கு வந்து சராசரி 28.9 புள்ளி எடுக்கும் ஆட்டக்காரர் ஆனார். 2017 ஏப்ரல் 15 அன்று அவருடைய தங்கை கார் விபத்தில் இறந்தார். மறுநாள் பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான சுற்று ஆட்டம். வராமல் இருந்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வந்தார், 33 புள்ளி எடுத்தார். தங்கையின் அடக்கத்துக்கு நாட்டின் மறுகோடிக்குப் பறந்து போய்விட்டு அடுத்த நாளே திரும்பி வந்து ஆடினார். அந்த ஆட்டத்தில் பல் உடைந்தது. மே 2, தங்கையின் பிறந்தநாள். அன்று வாஷிங்டனுக்கு எதிராக 53 புள்ளி. இடுப்பில் காயத்தோடுதான் இவ்வளவும். ஆகஸ்டில் பாஸ்டன் அவரை கிளீவ்லாந்துக்கு மாற்றிவிட்டு கைரி இர்விங்கை வாங்கிக்கொண்டது.

மக்களே, வியர்வையும் உப்புதான். அந்த மைதானத்தில் உப்பிட்டது யார்? உள்ளளவும் நினைத்திருக்க வேண்டியது யார்?

இரண்டாவது செய்திக்கு வருகிறேன். டிரேட் என்பது இரண்டு அணிகள் கான்ட்ராக்டுகளை மாற்றிக்கொள்வது. சம்பளக் கணக்கு விதிக்குள் இருந்தால் போதும். ஆட்டக்காரனின் சம்மதம் பொதுவாகத் தேவையில்லை. என்னைக் கேட்காமல் மாற்றக் கூடாது என்று கான்ட்ராக்டில் எழுதி வாங்க வேண்டுமென்றால் லீக்கில் 8 ஆண்டு ஆடியிருக்க வேண்டும், அதில் 4 ஆண்டாவது அதே அணியில் இருந்திருக்க வேண்டும். அப்படி எழுதி வாங்கியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். டல்லாஸில் சிலையாக நிற்கும் நோவிட்ஸ்கி 21 சீசன் ஒரே அணியில் ஆடியவர். 2014இல் வேறு அணிகள் உச்சபட்சச் சம்பளம் தரத் தயாராக இருந்தும் மூன்று ஆண்டுக்கு 25 மில்லியன் போதும் என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார். விசுவாசம் இல்லாத தொழில் அது என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்த 21 வருடமும் அணியும் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதற்கு அமெரிக்காவரை போகத் தேவையில்லை. தக்கலை, புலியூர்க்குறிச்சிக்காரர்கள் கை தூக்குங்கள் என்று மேடையில் கேட்டேன், பத்து முப்பது கை எழுந்தது. உதயகிரிக் கோட்டைக்குள் ஒரு கல்லறை இருக்கிறது. டிலனாய் கல்லறை. பள்ளிச் சுற்றுலாவில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த மனிதர் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், நம் மண்ணில் நடந்த மிகப் பெரிய அணிமாற்றம் அது.

1741. மிளகு வியாபாரத்தில் திருவிதாங்கூரோடு மோதிய டச்சுக் கம்பெனி குளச்சலில் படையை இறக்கியது. பத்மநாபபுரத்தைப் பிடிப்பது திட்டம். மார்த்தாண்ட வர்மாவின் படை வடக்கிலிருந்து வந்து சேர வேண்டும். குளச்சல் கடற்கரை மக்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்றார்கள், தூரத்திலிருந்து பார்த்த டச்சுக்காரர்கள் அதைப் பெரிய துப்பாக்கிப் படை என்று நினைத்தார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. என் தாத்தா இதைச் சொல்லும்போது எழுந்து நின்று கைத்தடியைத் தோளில் வைத்துக் காட்டுவார். கடைசியில் முற்றுகை. டச்சுப் படை ஆகஸ்டில் சரணடைந்தது. குளச்சலில் நிற்கும் வெற்றித் தூண் அதற்காகத்தான். பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டாசியஸ் டிலனாய்.

எதிரிப் படையின் ஆள். மன்னர் என்ன செய்திருக்கலாம்? சிறையிலேயே விட்டிருக்கலாம். அவர் செய்தது வேறு. இந்த ஆளுக்கு என்ன தெரியும் என்று பார்த்தார். படையைப் பழக்கத் தெரியும், பீரங்கி தெரியும், கோட்டை கட்டத் தெரியும். சரி, என் வீரர்களுக்குச் சொல்லிக்கொடு என்றார். உதயகிரிக் கோட்டையைப் புதுப்பிக்கும் பொறுப்பைக் கொடுத்தார். அங்கே பீரங்கி வார்க்கும் உலை வந்தது. கைதியாக வந்தவர் படைத்தலைவர் ஆனார். வலிய கப்பித்தான் என்று மக்கள் அழைத்தார்கள். நம் புனிதர் தேவசகாயம் கிறிஸ்தவ நம்பிக்கையை முதலில் கேட்டதும் இந்த டிலனாயிடம்தான். மார்த்தாண்ட வர்மா காலமான பிறகும், அடுத்த மன்னரிடமும் அவர் பணி தொடர்ந்தது. அவருடைய மகன் களக்காட்டுப் போரில் திருவிதாங்கூர் படையில் நின்று இறந்தான். டிலனாய் 1777இல் உதயகிரியிலேயே கண்மூடினார். 36 ஆண்டுகள்! கல்லறையில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைத்த மனிதர் அவர். ஏன் நினைத்தார்? மன்னர் முதலில் உப்பிட்டார். நம்பிக்கை வைத்தார், வேலை கொடுத்தார், வேலை செய்ய ஒரு கோட்டையே கொடுத்தார்.

மூன்றாவது செய்தி, நம் விஷயம். என்னிடம் ஆடிய ஒரு பெண்பிள்ளை, பெயர் வேண்டாம், பிளஸ் ஒன் படிக்கும்போது வேறு மாவட்டத்து விளையாட்டு விடுதிக்குப் போனாள். அடுத்த ஆண்டு நம் மாவட்ட அணிக்கு எதிராகவே ஆடினாள், நம்மைத் தோற்கடித்தாள். கேலரியில் நம் ஆட்கள் சிலர் அவளைப் பேசிய பேச்சு நான் இங்கே சொல்லக்கூடியதல்ல. ஊரை மறந்தவள் என்றார்கள். ஆட்டம் முடிந்ததும் அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாரே, அங்க மழைக்கு லீவு கிடையாது" என்றாள்.

தமிழ்நாட்டில் இரண்டு பருவமழையும் நன்றாகப் பெய்யும் மாவட்டம் நம்முடையது. எடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, ஜூனில் தொடங்கும். அது ஓய்ந்து கோர்ட் காய்ந்து கோடு வரைந்து முடிப்பதற்குள் ஐப்பசி மழை வந்து நிற்கும். சிமெண்ட் தரையில் பாசி பிடிக்கும். பாசித் தரையில் லே-அப் போகும், அதாவது ஓடிவந்து எழும்பிக் கூடையில் பந்து போடும் பிள்ளைக்கு முழங்கால் என்னாகும் என்று இங்கே இருக்கும் பெற்றோர்களுக்குத் தெரியும். மாவட்ட அளவிலான ஒரு இறுதியாட்டம் மூன்றாவது குவார்ட்டரில் மழையால் நின்றுபோய் இரண்டு அணிக்கும் சேர்த்துக் கோப்பையைக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் கோப்பையைத் தொடவே இல்லை.

மழைக்குப் பழிபோட முடியாது. மழை நம் வரம், அதனால்தான் நம் ஊர் பச்சையாக இருக்கிறது. தேவை ஒரு கூரை. கூடைப்பந்துக் களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். சுற்றிலும் 2 மீட்டர் இடம் விட்டு, 7 மீட்டர் உயரத்துக்கு இடையில் எதுவும் குறுக்கிடாமல் இரும்புத் தூண் நிறுத்தித் தகரக் கூரை போட வேண்டும். பக்கச் சுவர் வேண்டாம், காற்று வரட்டும். நான்கு விளக்கு வேண்டும், மழைத் தண்ணீர் ஓட ஒரு கால்வாய் வேண்டும். இவ்வளவுதான். ஏசி கேட்கவில்லை, மரத்தளம் கேட்கவில்லை. ஆனால் அது பொதுக் கோர்ட்டாக இருக்க வேண்டும். எந்தப் பள்ளிப் பிள்ளையும், பள்ளியை விட்டு வேலைக்குப் போய்விட்ட பையனும் காசு கொடுக்காமல் வந்து ஆட வேண்டும். இந்தப் பக்கத்தில் ஊருக்கு ஊர் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறோம், திருவிழாப் பந்தலுக்கு மனம் நிறைந்து கொடுக்கிறோம். இதற்கும் நம்மால் முடியும்.

பிள்ளைகள் வெளியூர் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பஞ்சாபின் ஒரு கிராமத்தில் பிறந்த சத்னம் சிங் வெளியே போனதால்தான் 2015இல் டல்லாஸ் அணி அவரை 52ஆவது ஆளாக டிராஃப்டில் எடுத்தது, இந்தியாவிலிருந்து முதல் ஆள். இங்கிருந்தும் போகட்டும். ஆனால் பாசிக்குப் பயந்து போகக் கூடாது. போகிற பிள்ளையிடம் ஊரை நினை என்று சொல்ல வேண்டுமானால் முதலில் இந்த ஊர் அவளுக்கு உப்பிட்டிருக்க வேண்டும்.

தலைவர் அவர்களே, நீங்கள் இருக்க வேண்டும் என்று நான் கேட்டது இதற்காகத்தான். பேரூராட்சிக்குச் சொந்தமான இடத்தில் கூரை போட்ட பொதுக் கோர்ட் ஒன்று வேண்டும் என்று மன்றத்தில் தீர்மானம் போடுங்கள். எங்கள் பக்கத்து வேலையை நாங்கள் தொடங்கிவிட்டோம். மனு தயார், வாசல் பக்கம் மேசையில் வைத்திருக்கிறோம். முழுப் பெயர், ஊர், கையெழுத்து, இவ்வளவு போதும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளுக்குத் தனித் தாள் இருக்கிறது, அதிலும் எழுதுங்கள். வருகிற திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கிறோம். காலை ஒன்பது மணிக்கு மார்த்தாண்டம் பேருந்து நிலையத்திலிருந்து சேர்ந்து கிளம்புகிறோம். ஜெர்ஸி வைத்திருப்பவர்கள் போட்டுக்கொண்டு வாருங்கள், எந்த அணி ஜெர்ஸியானாலும் சரி. இப்போது தாளாளர் அவர்கள் சான்றிதழ் வழங்குவார்கள். வாங்கியதும் நேரே மேசைக்குப் போய்விடுங்கள், டீயும் வடையும் அங்கேதான் இருக்கிறது. நன்றி, வணக்கம்.